பட்டாளத்தார் வீட்டுக்கு ஊர் என்ன செய்யலாம்: ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் தெருவுக்கு ஒரு பட்டாளத்தார் வீடாவது இருக்கும். வேலூர் அருகே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய ஊர் அது. ஆகஸ்ட் 15 அன்று முன்னாள் படைவீரர்களை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுவதில் நம் ஊர்கள் குறை வைப்பதில்லை. ஆனால் கணவர் இறந்து மாதக்கணக்கில் குடும்ப பென்ஷன் வராமல் மளிகைக் கடையில் கடன் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு ஹவில்தாரின் மனைவிக்கு அந்தச் சால்வையால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. மத்திய அரசிலும் இருக்கிறது, மாநில அரசிலும் இருக்கிறது. சிக்கல் எல்லாம் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில், காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதங்களோடு உட்கார ஊரில் இரண்டு மூன்று பேர் முன்வந்தால் போதும். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. குழுவில் ஒரு பெண் கண்டிப்பாக இருக்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர் என்றால் இன்னும் நல்லது. கணவரை இழந்தவர்கள் தங்கள் பெட்டியையும் பாஸ்புக்கையும் வாலிபப் பையன்கள் முன்னால் திறக்கத் தயங்குவார்கள். அது நியாயமும் கூட.

படி 1: ஒரு நோட்டு போடுங்கள்

ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். எல்லோருக்கும் தெரிந்த ரிட்டயர்டு சுபேதாரை எழுதிவிட்டு நின்றுவிடக் கூடாது. மறந்துபோகிறவர்கள் வேறு ஆட்கள். 1971 போரில் இருந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டியிருக்கும். சில வருடம் மட்டும் பணியாற்றி, பென்ஷன் இல்லாமலே வந்துவிட்டவர் ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருப்பார். அவர் பட்டாளத்தில் இருந்தார் என்பதே இளசுகளுக்குத் தெரியாது. மகனைப் பறிகொடுத்த பெற்றோர், இப்போது பணியில் இருப்பவரின் மனைவி, மாற்றுத்திறனாளியான பிள்ளை என்று எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

விசாரிக்க நல்ல இடம் கிராம சபைக் கூட்டம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே சொல்லிவையுங்கள். அப்புறம் ரேஷன் கடை, தபால்காரர், டீக்கடை.

ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத வேண்டியது கொஞ்சம்தான்: பெயர், படை எண், ரெஜிமென்ட், பென்ஷன் உண்டா இல்லையா, மனைவி பெயர், பிள்ளைகள் படிக்கும் வகுப்பு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. ஆதார், பாஸ்புக் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். நோட்டு ஒருவர் வீட்டில் பூட்டில் இருக்கட்டும்.

படி 2: டிரங்குப் பெட்டியைத் திறங்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பட்டாளத்தார் வீட்டுப் பரணில் கறுப்பு பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். மேல் மூடியில் வெள்ளை எழுத்தில் படை எண், பதவி, பெயர். உள்ளே பழைய கம்பளி, பதக்கங்கள், குரூப் போட்டோ, அதற்கும் அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதங்கள். அதில் தேட வேண்டியவை இரண்டு: பணியிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ. டிஸ்சார்ஜ் புக் கிடைக்கவில்லை என்றாலும் சோர்ந்துவிடாதீர்கள். பெட்டி மூடியில் இருக்கிற அந்த எண் போதும், தேடலைத் தொடங்கிவிடலாம். காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை வாங்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, அவரது பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும்.

ரெக்கார்ட் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பது அவர் எந்தப் பிரிவில் இருந்தார் என்பதைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நாம் சொல்லும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் பெங்களூரில். தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் பிரிவான ஆர்ட்டிலரி நாசிக், கருவிகளையும் வாகனங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. செகந்திராபாத், ராணுவ இடங்களைக் காவல் காக்கும் டி.எஸ்.சி. கண்ணூர். முதல் சர்வீஸ் முடித்துவிட்டு டி.எஸ்.சி.யில் மறுபடி சேர்ந்தவர்கள் நம்மிடம் நிறைய. அவர்களுக்கு இரண்டு இடத்திலும் பதிவு இருக்கும், கவனம்.

காகிதம் கிடைத்ததும் மூன்றை ஒப்பிட்டுப் பாருங்கள்: பி.பி.ஓ.வில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும், ஆதாரில் இருப்பது, வங்கிக் கணக்கில் இருப்பது. பாதிப் பிரச்சினை இங்கேதான் கிடக்கிறது. கல்யாணமான புதிதில் யூனிட் கிளார்க் காதில் விழுந்தபடி ‘பச்சையம்மா’ என்று எழுதியிருப்பார். ஆதாரில் ‘பச்சையம்மாள்’ என்று இருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. பிறந்த தேதிக் கட்டம் காலியாகவே இருக்கும். முதல் மனைவி இறந்து இரண்டாவது கல்யாணம் ஆனது பதிவிலேயே ஏறியிருக்காது.

“இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி” என்பார் பெரியவர். அப்புறம் பார்க்க முடியாது என்பதை அவருக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. அவர் கையெழுத்துப் போட்டால், கூட்டுப் புகைப்படமும் சான்றும் இணைத்து, பார்ட் டூ ஆர்டர் என்ற பணிப் பதிவு உத்தரவில் ஏற்றித் திருத்திவிடலாம். அவர் போன பிறகு அதே திருத்தத்துக்கு அந்த அம்மா வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், ‘இருவரும் ஒருவரே’ என்ற சான்று என்று அலைய வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அந்தப் பெயரையும் இப்போதே பதிவில் ஏற்றுங்கள். சம்பாதிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப பென்ஷன் உண்டு. பெற்றவர்கள் இருவரும் போன பிறகு அதற்காக ஓட அந்தப் பிள்ளைக்கு யார் இருப்பார்கள்?

பிறந்த தேதி ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பார்கள். 80 வயது நிறைந்தால் பென்ஷனிலும் குடும்ப பென்ஷனிலும் 20% கூடும். 85-ல் 30%, 90-ல் 40%, 95-ல் 50%, 100-ல் இரட்டிப்பு. பதிவில் தேதி இல்லாத பாட்டிக்கு இந்தக் கூடுதல் தானாக வராது. 80 தாண்டிய கைம்பெண்கள் ஊரில் இருந்தால் முதலில் அவர்கள் பி.பி.ஓ.வைப் பாருங்கள்.

இப்போது பாதுகாப்புத் துறை பென்ஷன் பெரும்பாலும் ஸ்பர்ஷ் என்ற இணைய முறை வழியாக, பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்திலிருந்து வருகிறது. ஸ்பர்ஷ் கணக்கின் பயனர் பெயர், கடவுச்சொல், பதிவான செல்போன் எண் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் மகனின் பழைய எண்தான் இருக்கும். அந்த சிம்மோ எப்போதோ செத்திருக்கும்.

படி 3: மாவட்ட அலுவலகத்தோடு பழகுங்கள்

ஊர்க்காரர்கள் ‘சைனிக் போர்டு’ என்று சொல்வது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தைத்தான். முன்னாள் படைவீரருக்கும் அவரது விதவைக்கும் அடையாள அட்டை தருவது அங்கேதான். கல்வி, திருமணம், வறுமை என்று எந்த நிதிக்கும் விண்ணப்பம் அந்தக் கதவு வழியாகத்தான் போகும். பெயர் பதியாத குடும்பத்தை முதலில் பதியவையுங்கள்.

போகும்போது கூட்டமாகப் போகாதீர்கள். சம்பந்தப்பட்டவர், துணைக்கு ஒருவர், அவ்வளவு போதும். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். மனு கொடுத்தால் தேதியும் முத்திரையும் வைத்த நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். “கொடுத்துட்டு வந்தோம்” என்ற பேச்சுக்கு ஆறு மாதம் கழித்து மதிப்பில்லை. நகரவில்லை என்றால், மாவட்ட ஆட்சியர் முன்னாள் படைவீரர்களுக்கென்றே நடத்தும் சிறப்புக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். பட்டா மாறவில்லை, வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்ற புகார்களுக்கும் அதுதான் இடம். எல்லையில் இருந்தவரின் நிலத்தில் பங்காளி நுழைவது நம் ஊரில் புதிதில்லை.

பென்ஷனே இல்லாமல் இருப்பவர்களை மறக்காதீர்கள். 65 வயது தாண்டிய, நிலையான வருமானம் இல்லாத, பென்ஷன் பெறாத முன்னாள் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் பாதுகாப்பு அமைச்சரின் நல நிதியிலிருந்து வறுமை உதவி உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆகியிருக்கிறது. நோட்டில் எழுதிய அந்த மாடு மேய்க்கும் பெரியவர் இதற்குத்தான்.

படி 4: இறப்பு நடந்த வீட்டில்

காரியம் முடியும்வரை காகிதப் பேச்சு எடுக்க வேண்டாம். ஆனால் இரண்டு வேலை காத்திருக்காது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழில் பெயர் பி.பி.ஓ.வில் உள்ள மாதிரியே, அதே இனிஷியலோடு இருக்கட்டும். இரண்டாவது, கூட்டுக் கணக்கில் அடுத்த மாதமும் பென்ஷன் வந்து விழும். ஏ.டி.எம். கார்டு கையில் இருக்கிற யாரோ எடுத்துவிடுவார்கள். பின்னால் அது குடும்ப பென்ஷனில் பிடித்தமாக வரும்போது அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியாது.

அதனால் சீக்கிரமே ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவியுங்கள். இறப்புச் சான்று, பி.பி.ஓ., மனைவியின் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் கைவசம் வேண்டும். மனைவி பெயர் பி.பி.ஓ.வில் சரியாக இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் ரெக்கார்ட் ஆபீஸ் வழிதான்.

எவ்வளவு வரும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள், அடுத்தவர் சொல்லி ஏமாறாமல் இருக்க. ஓய்வுக்குப் பின் இயற்கையாக இறந்தால், கடைசிச் சம்பளத்தில் 50% என்ற உயர்ந்த விகிதம் ஏழு வருடத்துக்கு, அல்லது இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரைக்கு, இதில் எது முந்துகிறதோ அதுவரை. அதற்குப் பின் 30%. பணியின் காரணமாக ஏற்பட்ட இறப்பு என்றால் 60%, போரிலோ அதற்கு இணையான நடவடிக்கையிலோ என்றால் 100%. அந்தக் காலம் முடிந்து தொகை குறையும்போது ‘யாரோ பணத்தை அடித்துவிட்டார்கள்’ என்ற சந்தேகம் வீட்டுக்குள் கிளம்பும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் மகன் மேல் பழி விழாது.

இளம் வயதில் கணவரை இழந்தவர் வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. மாமனார் மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம், நடுவில் வந்த பணம். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பங்கு பிரிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். யாருக்கு என்ன உரிமை என்பதை விதி சொல்கிறது, பஞ்சாயத்து சொல்ல வேண்டியதில்லை. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. படைவீரர் குடும்பங்களுக்கென்றே சைனிக் போர்டுகளில் சட்ட உதவி மையம் நடத்தும் வீர் பரிவார் சகாயதா திட்டம் 2025 ஜூலையில் தொடங்கியது. பென்ஷன் வழக்கு என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. மறுமணம் பற்றி அந்தப் பெண்ணைப் பயமுறுத்துபவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: விதவை மறுமணத்துக்கு அரசே நல நிதியிலிருந்து உதவித்தொகை தருகிறது. இப்போது அது ஒரு லட்சம் ரூபாய்.

படி 5: ஆஸ்பத்திரி

இ.சி.எச்.எஸ். என்பது முன்னாள் படைவீரர்களுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய மருத்துவத் திட்டம். அதன் பாலிகிளினிக்கில் காட்டி, மருந்து வாங்கி, பெரிய சிகிச்சைக்கு அங்கிருந்து பரிந்துரை வாங்கிக்கொண்டு அங்கீகரித்த மருத்துவமனைக்குப் போகலாம். கார்டு பலர் வைத்திருப்பார்கள். போவதுதான் கஷ்டம். மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்காக இரண்டு பஸ் மாறி, வரிசையில் நின்று, மதியத்துக்கு மேல் திரும்பும் எண்பது வயதுக்காரரை நினைத்துப் பாருங்கள். ஊரில் நாலைந்து பேருக்கு ஒரே நாளை வைத்து ஒரு வேன் பேசினால் செலவும் குறையும், பேச்சுத் துணையும் ஆச்சு. இதைவிட உருப்படியான ‘முன்னாள் படைவீரர் கௌரவிப்பு’ எனக்குத் தெரிந்து இல்லை.

நெஞ்சுவலி, விபத்து என்றால் பக்கத்தில் இருக்கும் எந்த மருத்துவமனையிலும் சேர்க்கலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். கலவரத்தில் வீட்டுக்காரர்கள் மறந்துவிடுவார்கள். நோட்டில் பாலிகிளினிக் எண்ணை முதல் பக்கத்தில் எழுதி, அந்தப் போனைச் செய்யும் பொறுப்பை உங்கள் குழுவில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பிள்ளைகள் படிப்பு

இது தேதி தவறாமல் விண்ணப்பிக்கும் வேலை மட்டும்தான். ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களின் இரண்டு பிள்ளைகளுக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை, நல நிதியிலிருந்து மாதம் 2,000 ரூபாய் (2025 நவம்பருக்கு முன் 1,000). தொழிற்கல்வி முதலாண்டு சேர்ந்தவர்களுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை: பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500; தகுதித் தேர்வில் 60% வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சான்றை மாவட்ட அலுவலகத்தில் முன்பே வாங்க வேண்டும். உடுமலை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளியிலும் படையினர், முன்னாள் படையினர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு.

படி 7: புதிதாகத் திரும்பி வந்தவர்

சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் நாற்பது வயதைத் தொடுவதற்குள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். ஊரில் அவருக்குக் கிடைக்கும் முதல் யோசனை, “செக்யூரிட்டி வேலைக்குப் போங்களேன்.” அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. 1986-ல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனமே முன்னாள் படைவீரர்களை அந்த வேலைக்கு அனுப்புகிறது. ஆனால் இருபது வருடம் சிக்னல்ஸில் தகவல் தொடர்புக் கருவிகளைக் கையாண்டவரை ஏ.டி.எம். வாசலில் உட்கார வைப்பது வீண்.

அவர் என்ன தெரிந்தவர் என்று முதலில் கேளுங்கள். டீசல் மெக்கானிக், லேப் டெக்னீஷியன், ஸ்டோர் கணக்கு, கனரக வாகனம் என்று ஏதாவது இருக்கும். மத்திய அரசின் ‘சி’ பிரிவு வேலைகளில் 10% இவர்களுக்கு ஒதுக்கீடு. பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் தேர்வில் 14.5%. பத்தாம் வகுப்பு முடித்து 15 வருடம் பணியாற்றியவரை ‘சி’ பிரிவு வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும் விதி இருக்கிறது. இது தெரியாமலே விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். தொழில் தொடங்க நினைத்தால் மாநில அரசின் முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30% மூலதன மானியம், 3% வட்டி மானியம். கடன் எடுக்கும் முன், அவர் செய்ய நினைக்கும் தொழிலை ஏற்கெனவே செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவரோடு உட்கார வையுங்கள். பட்டாளத்துக்காரருக்கு உள்ளூர்ச் சந்தை புதுசு.

இனி அக்னிவீர்கள். 2022-ல் வந்த இந்தத் திட்டத்தில் நான்கு வருடம்தான் பணி. அதிகபட்சம் 25% பேரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. 2026 இறுதியிலிருந்து முதல் அணியினர் திரும்பத் தொடங்குகிறார்கள். மேலே சொன்ன பெரும்பாலான கதவுகள் அவர்களுக்குத் திறக்காது. இருபத்திரண்டு இருபத்தைந்து வயதுப் பையன் கையில் மொத்தமாகப் பணம். வீடு கட்டு, அக்கா கல்யாணத்தை முடி என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அவனுக்கு முதல் தேவை படிப்பைத் தொடர்வதோ ஒரு கைத்தொழிலோ என்று வீட்டில் எடுத்துச் சொல்ல வெளியாள் ஒருவர் வேண்டும்.

படி 8: வீட்டுக்குள் நடப்பது

பட்டாளத்துக்காரர் என்றாலே ஊருக்குக் கேன்டீன் ரம் ஞாபகம்தான் வருகிறது. “மாமா, ஒரு பாட்டில் தேறுமா?” என்று கேட்பவர்கள்தான் பிறகு “அந்த ஆள் குடிகாரன்” என்றும் சொல்கிறார்கள். தூக்கம் வராமல், பட்டாசுச் சத்தத்துக்கு உடல் நடுங்கி, அதை யாரிடமும் சொல்லாமல் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். இலங்கைக்குப் போன அமைதிப் படையில் இருந்தவரிடம் அதைப் பற்றி நீங்களாகத் தோண்டாதீர்கள். தமிழர் ஊரில் அது சாதாரண நினைவு இல்லை. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், இலவசம்.

மனைவி பக்கமும் பாருங்கள். பதினேழு பதினெட்டு வருடம் ஒற்றை ஆளாக நிலம், மாடு, பிள்ளைகள் ஸ்கூல், மாமியார் ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தவர். திடீரென்று ஒருவர் வந்து காலை ஐந்து மணிக்கு விசில் அடிக்காத குறையாக வீட்டை நடத்த ஆரம்பிக்கிறார். இருவருக்கும் பழக ஒன்றிரண்டு வருடம் ஆகும். முன்பே இதைக் கடந்த தம்பதி ஒருவரை அறிமுகப்படுத்துங்கள். ஆலோசனை சொல்ல வேண்டாம், பழக விடுங்கள்.

படி 9: ஏமாற்றுக்காரர்கள்

ஓய்வுப் பணம் வந்த வாசனை எப்படியோ வெளியே போய்விடும். சீட்டு, பங்குச் சந்தை, மாதம் இவ்வளவு வட்டி என்று வருவார்கள். இன்னொரு கும்பல் போனில்: “பென்ஷன் ஆபீசிலிருந்து பேசுறோம், உயிர்வாழ்வுச் சான்று புதுப்பிக்கணும், ஓ.டி.பி. சொல்லுங்க.” பென்ஷன் நின்றுவிடும் என்ற பயத்தில் சொல்லிவிடுவார்கள். எந்த அலுவலகமும் போனில் ஓ.டி.பி. கேட்காது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டு காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஏமாந்துவிட்டால் அப்போதே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். ‘அரியர் வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு’ என்று வரும் தரகர்களையும் விரட்டுங்கள். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை.

உங்கள் குழுவுக்கும் ஒரு விதி: யாருடைய ஏ.டி.எம். கார்டையும் கையில் வாங்காதீர்கள். டீச் செலவைக்கூட அவர்களிடம் வாங்காதீர்கள்.

வருடத்தில் எப்போது என்ன

உயிர்வாழ்வுச் சான்றுக்கு நவம்பர். 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். வயலில் உழைத்த கைகளில் ரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காது. செல்போனில் முகத்தைக் காட்டிச் செய்யும் ஜீவன் பிரமாண் முறையைப் பழகிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் திண்ணையில் உட்கார்ந்தால் ஊருக்கே முடித்துவிடலாம். படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கு நீங்களே போங்கள். டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் நடக்கிறது, அதில் சேரும் பணம்தான் பல உதவிகளாகத் திரும்புகிறது, பள்ளிப் பிள்ளைகளிடம் உண்டியல் கொடுங்கள். தேர்வு முடிவு வரும் மாதங்களில் கல்விச் சான்றுகள். வருடத்துக்கு ஒருமுறை நோட்டைத் திறந்து, இறந்தவர் பெயருக்கு நேரே குடும்ப பென்ஷன் வந்துவிட்டதா என்று சரிபார்த்து, புதிதாக ஊர் திரும்பியவர் வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைப் பற்றிக் கேளுங்கள்.